சைக்கிள் ரிம்மில் ஓர் உட்கருத் துளை: கட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கரும்பலகையில் உட்கருவை வட்டமாக வரைந்து, அதன் கோட்டை ஆங்காங்கே விரலால் அழித்து, "இவைதான் உட்கருத் துளைகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அப்ப உள்ள இருக்கறதெல்லாம் வெளிய கொட்டிப் போயிராதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அழித்துக் காட்டிய இடம் செல்லில் வெற்றிடமாக இல்லை. மனித செல்லில் ஏறக்குறைய 1000 புரதத் துண்டுகள் சேர்ந்து நிற்கும் ஒரு கட்டடம் அது. அந்தக் கட்டடத்தைப் படம் வரைந்து விளக்க முயன்று இரண்டு ஆண்டுகள் தோற்ற பிறகு, மாணவர்களோடு சேர்ந்து அதைக் கையால் கட்டத் தொடங்கினோம். கட்டும் வரிசையையே இங்கே தருகிறேன். அந்த வரிசையில் போனால் துளையின் அமைப்பும் அது பரிணாமத்தில் உருவான வழியும் தனித்தனிப் பாடங்களாகத் தெரியாது.

தேவையானவை: பழைய 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் ஒன்று, இரண்டு கோரைப்பாய்கள், மூங்கில் பிளாச்சு, கட்டுக்கம்பி, பூக்கட்டும் நூல், சணல், மல்லிகை மொட்டு, எலுமிச்சை, சாத்துக்குடி, இருபக்கப் பசை டேப், பழைய அட்டைப்பெட்டி.

முதல் படி: அளவுகோலை நிறுத்துதல்

ஒரு நானோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சரியாக ஒரு கோடி மடங்கு பெருக்குகிறோம். 25 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு செல் இந்தக் கணக்கில் 250 மீட்டர் ஆகிறது. அதாவது, 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள், கரையைத் தொடாமல் சற்றே இடம் விட்டு அடங்கிவிடும். 10 மைக்ரோமீட்டர் உட்கரு, குளத்தின் நடுவே மைய மண்டபம் இருக்கும் இடத்தில் 100 மீட்டர் உருண்டையாக நிற்கும். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் அந்த உயரம் வரச் சற்றுத்தான் மிஞ்சும். அந்த உருண்டைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள கிணற்றுக் கயிறாகவும், 20,000 கிலோமீட்டர் நீளமாகவும் இருக்கும்.

நாம் கட்டப்போகும் துளை 120 சென்டிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. உருண்டையின் மேற்பரப்பில் 2000 முதல் 5000 வரை இப்படிப்பட்ட துளைகள் இருக்கும். ஈஸ்ட் செல்லின் சிறு உட்கருவில் 200 அளவில்தான். ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச் செல்லிலோ ஏறக்குறைய 5 கோடி. 1950இல் கேலனும் டாம்லினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலாக இந்தத் துளைகளைக் கண்டது இருவாழ்விகளின் முட்டைச் செல்லில்தான் என்பதில் வியப்பில்லை. அந்த உட்கருவைக் கையாலேயே பிரித்தெடுத்து, உறையை உரித்து விரித்துவிடலாம்.

இரண்டாம் படி: காஜா எடுத்தல்

இந்தப் படியைத் தவறவிட்டால் பிறகு பரிணாமம் புரியாது. ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். உட்கரு உறை ஒற்றைச் சவ்வு அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் நம் கணக்கில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தடிமன். நடுவே 30 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளி. வெளிச்சவ்வு அப்படியே, செல்லுக்குள் பரவிக் கிடக்கும் சவ்வு அமைப்பான எண்டோபிளாச வலைப்பின்னலாகத் தொடர்கிறது. இரண்டு பாய்களை இந்த இடைவெளியில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டிலும் நேருக்கு நேர் வட்டமாக வெட்டினால், வெட்டிய விளிம்பில் இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். செல்லில் அப்படி ஒருபோதும் நிற்பதில்லை. தையற்கடையில் இரட்டைத் துணியில் பட்டன் ஓட்டை போட்டு விளிம்பைச் சுற்றிக் காஜா எடுப்பதுபோல, வெளிச்சவ்வு துளையின் விளிம்பில் வளைந்து உள்சவ்வாகவே தொடர்கிறது. பாயின் விளிம்புகளைச் சணலால் இழுத்து ஒன்றோடொன்று தைத்துவிடுங்கள்.

தைத்தபின் அந்த விளிம்பில் கையை ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே போகும்போது பரப்பு உங்களை நோக்கிப் புடைக்கிறது. சுற்றிவரும்போது உள்வாங்கி வளைகிறது. உளுந்து வடையின் ஓட்டைக்குள் விரலை விட்டால் கிடைக்கும் வளைவு இதுவே. கொழுப்புச் சவ்வு தானாக விரும்பி இப்படி வளைந்து நிற்பதில்லை, பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதே அடுத்த படி.

மூன்றாம் படி: எட்டில் ஒன்றைக் கட்டி, எட்டு முறை திருப்புதல்

துளையின் கட்டடப் புரதங்களுக்கு நியூக்ளியோபொரின் என்று பெயர். ஆய்வகங்களில் சுருக்கமாக நப் என்று சொல்லி எண்ணைச் சேர்த்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 30 வகைகள்தான். ஒவ்வொரு வகையும் எட்டின் மடங்காக வருவதால், மனிதனில் மொத்தம் 1000 துண்டுகளும் 11 கோடி டால்டன் (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு) அளவு எடையும் சேர்கின்றன. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் 25இன் எடை இது. ஈஸ்ட்டின் துளை இதில் பாதி. எட்டு என்ற எண்ணை 1967இல் ஜோசப் கால் தெளிவாகக் காட்டினார்.

ஆகவே முழு வளையத்தையும் ஒரே மூச்சில் கட்ட முயலாதீர்கள். பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் முன்சக்கர ரிம்மில் 32 ஆரக்கம்பித் துளைகள் இருக்கும். நான்குக்கு ஒன்றாக அடையாளமிட்டால் எட்டுப் பாகம் கிடைக்கும். ரிம்மின் உள்விட்டம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதுவே நடுக் கால்வாய். இதைச் சுற்றி, காஜா விளிம்பை ஒட்டி அமையும் உள்வளையத்தில் நப்93, நப்155, நப்188, நப்205 போன்றவை இருக்கின்றன. பக்கத்திலிருப்பவர் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்ளாமல், நெகிழ்வான நாடாக்களால் கோக்கப்பட்டவை அவை. எட்டுப் பாகங்களையும் ஆணியடித்து இறுக்காமல் கட்டுக்கம்பியால் தளர்வாகக் கட்டச் சொல்வது இதனால்தான்.

உள்வளையத்துக்கு மேலே, உட்கருவுக்கு வெளியிலுள்ள சைட்டோபிளாசப் பக்கம் ஒன்றும், கீழே உட்கருப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வெளிவளையங்கள் வேண்டும். இவற்றின் செங்கல், ஒய் வடிவத்தில் ஏறக்குறைய 40 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு கூட்டுப்புரதம். மனிதனில் பத்துப் புரதங்கள் சேர்ந்து ஒரு ஒய் ஆகின்றன. மூங்கில் பிளாச்சை 40 சென்டிமீட்டர் கவட்டையாகக் கட்டி, ஒன்றின் தலை அடுத்ததன் காலைத் தொடுமாறு ஒரு வளையத்துக்கு 16 வீதம், இரண்டு சுற்றாக அடுக்குங்கள். இரு வளையங்களுக்கும் சேர்த்து 32 ஒய்கள். சுந்தரேசுவரர் சன்னதியின் இந்திர விமானத்தை 8 யானைகளும் 32 சிங்கங்களும் 64 கணங்களும் தாங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த என் மாணவர்களுக்கு இந்த எட்டும் முப்பத்திரண்டும் ஒரே நாளில் மனத்தில் பதிந்துவிட்டன. தற்செயலான பொருத்தம்தான், மனப்பாடத்துக்கு உதவும், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

இதுவரை கட்டியது மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். இனித்தான் பக்கம் பிரிகிறது. சைட்டோபிளாசப் பக்கம் எட்டு இழைகளைத் தொங்கவிடுங்கள், அரை மீட்டர் நீளம் போதும். உட்கருப் பக்கம் எட்டு நூல்களை இறக்கி, நுனியில் ஒரு வளையத்தில் சேர்த்துக் கட்டினால் மீன் கூடை போல ஒன்று தொங்கும். அதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரும் கூடைதான்.

இந்தக் கட்டடத்தின் வரைபடம் நமக்குக் கிடைத்தது அண்மையில்தான். ஈஸ்ட் துளையில் எந்தப் புரதம் எங்கே என்ற முதல் முழு வரைபடம் 2007இல் வந்தது. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களோடு, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு மென்பொருளையும் சேர்த்து, 2022இல் மனிதத் துளையின் சட்டகத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இடம் நிரப்பப்பட்டது. அதே ஆண்டுகளில் இன்னொன்றும் தெரிந்தது. உறையைப் பிரித்தெடுத்து ஆய்ந்த காலத்தில் கால்வாய் 40 நானோமீட்டர் என்று எழுதினோம். செல்லுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் 60. செல்லுக்கு ஆற்றல் தட்டுப்பாடு வந்தால் துளை சுருங்குகிறது. நம் ரிம் சுருங்காது. இந்த மாதிரியில் எனக்குத் தெரிந்த பெரிய குறை இது.

நான்காம் படி: மல்லிகைச் சரம்

மாணவியின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. நப் வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நிலையான வடிவமே கிடையாது. ஒரு முனை சட்டகத்தில் பிணைந்திருக்க, மறுமுனை கால்வாய்க்குள் அலையும் சரங்கள் அவை. சரத்தில் ஃபினைல் அலனினும் கிளைசினும் சேர்ந்த சிறு புள்ளிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புள்ளிகள் நீரை வெறுப்பவை. இடையிலுள்ள பகுதி பெரும்பாலும் நீரை விரும்புவது. பூவும் நூலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவையும் சரியாக வைக்கலாம். 600 அமினோ அமிலம் கொண்ட சரத்தை முழுக்க நீட்டினால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஐந்து முழம். 15 அமினோ அமிலத்துக்கு ஒரு பூ என்றால் பூவுக்குப் பூ ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, சரத்துக்கு 40 பூ. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சரம் தொடுக்கும் ஓர் அக்காவிடம் இதைக் கேட்டபோது, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெருக்கித் தொடுத்தால்தான் மல்லி. விரல் நுழைந்தால் அது ஏமாற்று. "இம்புட்டு எடம் விட்டுக் கட்டுனா சாமிக்குக்கூட ஆகாது சார், உதிரியா வாங்கிட்டுப் போய் நீங்களே கட்டிக்கங்க" என்று மொட்டை அளந்து கொடுத்துவிட்டார். நாங்களே கட்டினோம். உண்மையான துளையில் 200க்கு மேல் சரங்கள். எங்களுக்கு 32 சரமே முடிந்தது. அதற்கே 1280 மொட்டு. பனிக்காலத்தில், அதுவும் தை முகூர்த்த நாட்களில், இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மல்லி விலை எட்டாது.

சரத்தின் ஒரு முனையை ரிம்மில் கட்டி மற்றதை நடுவே தளர விடுங்கள். 32 சரமும் கட்டி முடிக்கும்போது கால்வாய் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. பூவும் நூலுமாக ஒரு கொசகொசப்புத்தான் தெரியும். கதவு, காவலாளி, சாவி என்று பாடநூல்கள் சொல்லும் உவமைகள் எனக்கு உடன்பாடில்லாதவை. இந்த வாசலில் மூடித் திறக்கும் பாகம் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: எலுமிச்சை, சாத்துக்குடி, ரான்

எலுமிச்சையை மேலிருந்து போடுங்கள். நாலைந்து சென்டிமீட்டர் பழம் சரங்களை விலக்கிக்கொண்டு விழுந்துவிடும். ஐந்து நானோமீட்டருக்கு உட்பட்ட, சுமார் 40 கிலோடால்டன் வரையுள்ள புரதங்கள் இப்படித்தான் யாரையும் கேட்காமல் போய்வருகின்றன. சாத்துக்குடி தங்கிவிடும். ஒரு கறாரான வரம்பு என்று இதை நினைக்காதீர்கள்; பருமன் கூடக் கூட நுழைவது தாமதமாகிறது, அவ்வளவுதான்.

இப்போது சாத்துக்குடியின்மேல் இருபக்கப் பசை டேப்பை ஒட்டுங்கள். முதல் ஆண்டு நாங்கள் பழத்தை முழுக்கச் சுற்றி ஒட்டினோம். அது பூவோடு பூவாகச் சிக்கி அப்படியே நின்றுவிட்டது. கடலை அளவு துண்டுகளாக ஏழெட்டு இடத்தில் மட்டும் ஒட்டியபோது, பழம் ஒரு பூவைப் பிடித்து, அதை விட்டு அடுத்ததைப் பிடித்து, மெல்ல உருண்டு கீழே வந்தது. உட்கருவுக்குச் சரக்கு ஏற்றிவரும் இம்போர்ட்டின் போன்ற தாங்கிப் புரதங்களின் இரகசியம் இதுவே: பல இடங்களில் பிடி, ஒவ்வொரு பிடியும் மிகத் தளர்வானது. வலைக்கு வெளியாளாக இல்லாமல் வலையின் பூக்களோடு உறவாடுவதால் அது உள்ளே கரைந்து மறுபக்கம் வெளிவருகிறது. ஒரு கடப்புக்குச் சில மில்லி விநாடி போதும். ஒரே துளையில் விநாடிக்கு ஏறக்குறைய 1000 கடப்புகள், இரு திசையிலும் ஒரே நேரத்தில். உள்ளே தயாரான ரைபோசோமின் பெரிய பாதி, நம் கணக்கில் 25 சென்டிமீட்டர் பரங்கிக்காய், இதே வழியாகத்தான் வெளியே வருகிறது.

திசையைத் துளை தீர்மானிப்பதில்லை என்பதை மாணவர்கள் எளிதில் ஏற்க மாட்டார்கள். ரான் என்ற சிறு புரதம், ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியை (GTP) பிடித்த நிலையில் உட்கருவுக்குள் நிறைந்திருக்கிறது, ஏனெனில் அதை அந்த நிலைக்கு மாற்றும் புரதம் உள்ளே குரோமேட்டினில், அதாவது புரதங்களோடு சுற்றிய டி.என்.ஏ.வில், ஒட்டியிருக்கிறது. ஜிடிபியை உடைக்கத் தூண்டும் புரதம் வெளியே சைட்டோபிளாசத்தில் இருப்பதால் அங்கே ரான் வேறு நிலையில் இருக்கிறது. சரக்கோடு உள்ளே வரும் தாங்கியை ரான் பற்றிக்கொண்டதும் சரக்கு கழன்று விழுகிறது. வெளியே போகும் தாங்கியோ ரானைப் பிடித்தால்தான் சரக்கையும் பிடிக்கும், வெளியே ஜிடிபி உடைந்ததும் இரண்டையும் விட்டுவிடும். மரபணுவின் பிரதியான தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் இந்த வழியில் வராது; அதற்குத் தனித் தாங்கியும், வெளி இழைகளின் அருகே ஏடிபி (ATP) என்ற இன்னோர் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு அதைக் கழற்றும் ஒரு நொதியும் இருக்கின்றன.

ஆறாம் படி: கட்டியதைப் பிரித்து வம்சம் பார்த்தல்

இனி மூங்கில் ஒய் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுங்கள். அதன் பத்துப் புரதங்களில் ஒன்றின் பெயர் செக்13. இந்தப் புரதத்துக்கு வேறு ஓர் ஊரிலும் வீடு உண்டு: எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்து சரக்குப் பைகள் மொட்டு விடும்போது, சவ்வை உருண்டையாக வளைக்கும் வெளிக்கூட்டிலும் செக்13 இருக்கிறது. ஒரே புரதம், இரண்டு வேலை. 2004இல் தெவோஸ், ரவுட், சாலி ஆகியோரின் குழு, ஒற்றுமை இந்த ஒரு புரதத்தோடு நிற்கவில்லை என்று காட்டியது. துளையின் சட்டகப் புரதங்கள் பலவும், சரக்குப் பைகளின் கூட்டுப் புரதங்களும், காற்றாடி இதழ்கள் போன்ற ஒரு மடிப்பையும் அதன் பின்னால் நீண்ட சுருள் வால் ஒன்றையும் அதே வரிசையில் கொண்டிருக்கின்றன. அமினோ அமில வரிசையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் உறவு தெரியாது. வடிவத்தை ஒப்பிட்டால் ஒரே குடும்பம் என்பது தெரிகிறது. இரண்டாம் படியில் கேட்டோமே, காஜா விளிம்பைப் பிடித்து நிறுத்துபவர் யார் என்று. சவ்வை வளைப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பம். ஒரு கிளை போண்டாவைச் சுற்றிப் போர்த்தியது, இன்னொரு கிளை வடையின் ஓட்டையில் உட்கார்ந்தது என்று வகுப்பில் சொல்வேன்; சிரிப்பு அடங்கியபின் யாருக்கும் மறப்பதில்லை.

உள்வளையத்தின் நப்188, நப்205 ஆகியவை ஒன்றுக்கொன்று உறவு என்பதோடு, வடிவத்தில் இம்போர்ட்டின் வகைத் தாங்கிகளையும் ஒத்திருக்கின்றன. வீட்டின் தூணும் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளியும் ஒரே மரத்தில் செய்ததுபோலத் தோன்றுகிறது. சில மடிப்புகள், அவற்றின் இரட்டிப்புகள், எட்டு முறை திருப்பல்: நாம் மூங்கிலில் செய்ததும் இதுவே.

இது எவ்வளவு பழையது? விலங்கு, தாவரம், பூஞ்சை, ஒருசெல் உயிரி எதை எடுத்தாலும் துளையின் அடிப்படைச் சட்டகம் இருக்கிறது. ஆகவே உட்கரு உள்ள உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான கடைசி மூதாதையிடம், 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, அது முழுமையாக அமைந்திருந்தது. மிகப் பழங்காலத்திலேயே நம் கிளையிலிருந்து விலகிய டிரிபனோசோமா, ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ஒட்டுண்ணி, இங்கே நல்ல சாட்சி. அதன் துளையில் சட்டகம் நம்முடையதைப் போல, ஆனால் சைட்டோபிளாசப் பக்கத்துக்கென்றே உள்ள புரதங்கள் பல இல்லை. மேலும் கீழும் பெரிதும் ஒரே மாதிரி. ஏடிபியால் தூது ஆர்.என்.ஏ.வைக் கழற்றும் ஏற்பாடும் அங்கே காணப்படவில்லை, ரானை நம்பியே அது வெளியேறுவதாகக் கருதுகிறார்கள். மாதிரியில் எட்டு இழைகளைக் கடைசியாகக் கட்டச் சொன்னதில் இந்தக் காரணமும் உண்டு.

டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரி இன்னும் சுவையானது. அந்த ஒரே செல்லில் அன்றாட வேலைக்குப் பெரிய உட்கரு, மரபுக்குச் சிறிய உட்கரு என இரண்டு. இரண்டின் துளைகளிலும் நப்98 என்னும் சரத்தின் பூ மட்டும் வெவ்வேறு. 2009இல் அந்தப் பூக்களை ஆய்வாளர்கள் மாற்றி வைத்தபோது, அந்தந்த உட்கருவுக்குரிய புரதங்கள் நுழைவது தடைப்பட்டது. சட்டகத்தைத் தொடாமல் சரத்தை மட்டும் மாற்றிப் பரிணாமம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அதற்கும் முன்னால்? 2015இல் ஆர்க்டிக் கடலடி வண்டலிலிருந்து மரபணுத் தடயமாகக் கிடைத்த லோக்கியார்க்கியோட்டாவும் அதன் உறவான அஸ்கார்ட் ஆர்க்கியாக்களும் பாக்டீரியா போன்ற ஒருசெல் உயிர்கள், உட்கரு அற்றவை. ஆனால் ரானின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு புரதங்கள் அவற்றில் ஏராளம். உறை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2006இல் மார்ட்டினும் கூனினும் முன்வைத்த கருத்து எனக்குப் பிடித்தமானது. பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. எழுதப்படும்போதே ரைபோசோம் அதன்மேல் ஏறிப் படிக்கத் தொடங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய பாக்டீரியாவோடு வந்த இண்ட்ரான்கள், அதாவது படிக்குமுன் வெட்டி எறிய வேண்டிய இடைத்துண்டுகள், மரபணுக்களில் பரவியபின், வெட்டி ஒட்டும் மெதுவான வேலை முடியுமுன் ரைபோசோம் படித்தால் விளைவது குப்பைப் புரதம். ஆகவே படிக்கும் இடத்தையும் திருத்தும் இடத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். அப்படியானால் துளையின் முதல் வேலை திருத்தாத பிரதியை உள்ளேயே நிறுத்திவைப்பது.

கடைசிச் சோதனை

அட்டையில் 120 சென்டிமீட்டர் நீளமும் அகன்ற பக்கம் 60 சென்டிமீட்டரும் உள்ள ஒரு கூம்பு செய்யுங்கள். எச்.ஐ.வி. வைரஸின் உறைக்கூம்பு இது. கால்வாய் 40 என்று நம்பிய வரை, கூம்பு வெளியிலேயே உடைந்தாக வேண்டும் என்றே பலரும் கருதினார்கள். 2021இல் முழுக் கூம்பே துளைக்குள் இருக்கும் படங்கள் வெளிவந்தன. 2024இல் கூம்பின் மேற்பரப்பே தாங்கிப் புரதத்தைப் போலச் சரங்களின் பூக்களைப் பிடிப்பது காட்டப்பட்டது. கூம்பில் ஆங்காங்கே டேப் துண்டுகளை ஒட்டி, கூர்முனையை முன்னே விட்டு அழுத்துங்கள். ரிம்மில் உரசிக்கொண்டு போகும்.

மாதிரியை அன்றே பிரிக்காமல் வகுப்பறையில் ஓர் இரவு விட்டுவையுங்கள். பிரியாமல் வாழும் மூளைச் செல்களில் சட்டகத்தின் புரதங்கள் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுதும் மாற்றப்படாமலே நிற்கின்றன. முதிய எலிகளின் நரம்புச் செல்களில், வெளியே இருக்க வேண்டிய டியூபுலின் என்ற புரதம் உட்கருவுக்குள் கசிந்திருப்பது 2009இல் கண்டறியப்பட்டது. மறுநாள் காலை மல்லி வாடிச் சரம் தொய்ந்திருக்கும். டேப் ஒட்டாத சாத்துக்குடி ஒன்றை அதே மாணவியின் கையில் கொடுத்து, மேலிருந்து போடச் சொல்லுங்கள்.